பேட் மில்ஸ்: எல்லாம் தெரிந்த நாயகர்கள்

பேட் மில்ஸை யாரும் தடுக்காமல் எழுத விட்டிருந்தால் பிரிட்டிஷ் காமிக்ஸ் இன்னும் உயரத்துக்குப் போயிருக்கும் என்பது அவருடைய ரசிகர்களிடையே கேள்விக்கு அப்பாற்பட்ட நம்பிக்கையாகிவிட்டது. ‘2000 ஏடி’ வார இதழின் ரகசிய வரலாறு என்று 2017-இல் மில்ஸ் எழுதி வெளியிட்ட நூல் அந்த நம்பிக்கைக்கு உரம் போட்டது. உழைக்கும் வர்க்கத்துப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இதழை, பின்னால் ஆசிரியர் நாற்காலிக்கு வந்தவர்கள் நீர்த்துப்போகச் செய்தார்கள் என்ற புகார் அதில் ஓயாமல் ஒலிக்கிறது. புகாரில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவருடைய கதைகளைக் கால வரிசையில் வைத்துப் படித்தால், கட்டுப்பாடு கூடியிருந்த இடங்களில்தான் மில்ஸ் பெரிய எழுத்தாளராகத் தெரிகிறார். கட்டு தளரத் தளர எழுத்தும் தளர்கிறது.

1949-இல் பிறந்த மில்ஸ் தொழில் கற்றது ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில், டி.சி. தாம்சன் நிறுவனத்தில். இளம்பெண்களுக்கான ‘ரோமியோ’ என்ற காதல் இதழில் துணையாசிரியர் வேலை. அங்கே உடன் பணியாற்றிய ஜான் வாக்னர்தான் பிற்பாடு ‘ஜட்ஜ் டிரெட்’ பாத்திரத்தை உருவாக்கியவர். இருவரும் வேலையை விட்டுவிட்டு லண்டனின் ஐ.பி.சி. நிறுவனத்துக்குக் கதை எழுதத் தொடங்கினார்கள். முத்து காமிக்ஸ் 1972-இல் ‘இரும்புக்கை மாயாவி’ என்று தமிழுக்குக் கொண்டுவந்த நாயகன், இதே நிறுவனக் குடும்பத்தின் ‘வேலியன்ட்’ இதழிலிருந்து வந்தவன்தான். அந்தத் தலைமுறைச் சாகசக் கதைகள் இங்கே புதிதாகச் சூடுபிடித்த அதே ஆண்டுகளில், சொந்த ஊரில் அவற்றுக்கு வயதாகிவிட்டிருந்தது. அவற்றை ஓரங்கட்டும் வேலை மில்ஸ் கைக்கு வந்தது.

வாக்னருடன் சேர்ந்து ‘பேட்டில்’ (1975), பிறகு ‘ஆக்‌ஷன்’ (1976), அடுத்து ‘2000 ஏடி’ (1977), பெண்பிள்ளைகளுக்கான திகில் இதழ் ‘மிஸ்டி’ (1978): நான்கே ஆண்டுகளில் நான்கு வார இதழ்களின் பிறப்பில் அவருக்குப் பங்கு உண்டு. ‘ஆக்‌ஷன்’ இதழின் ‘ஹூக் ஜா’ தொடரில் நாயகன் ஒரு சுறா. பேராசைக்காரர்களைத்தான் அது முதலில் தின்கிறது என்றாலும் நல்லவர்களையும் விட்டுவைப்பதில்லை. இதழின் வன்முறை பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் பெரிய சர்ச்சையாகி, 1976 அக்டோபரில் விற்பனை நிறுத்தப்பட்டது. டிசம்பரில் பல் பிடுங்கப்பட்ட வடிவில் திரும்பி வந்து, அடுத்த ஆண்டே ‘பேட்டில்’ இதழோடு இணைந்து மறைந்தது.

மில்ஸின் ஆசிரியத் திறமையைப் பற்றி இரண்டு கருத்துக்கு இடமில்லை. ‘2000 ஏடி’யின் முதல் பதினாறு இதழ்களை அவர் உருவாக்கிய விதம் இன்றுவரை அந்த இதழின் அடித்தளமாக இருக்கிறது. முதல் பக்கத்திலேயே மோதல், பெரிய கட்டங்கள், விளக்கம் குறைந்த வசனம், ‘தொடரும்’ போடும் இடத்தில் ஒரு அதிர்ச்சி. இதற்காக மற்ற எழுத்தாளர்கள் தந்த பிரதிகளை அவர் தயங்காமல் அடித்துத் திருத்தினார், சிலவற்றைப் புதிதாகவே எழுதினார். ஆசிரியரின் குறுக்கீடு கலையைக் கொல்லும் என்று வாதிடுவோர் வசதியாக மறந்துவிடும் செய்தி இது. பிரிட்டிஷ் காமிக்ஸ் கண்ட மிகக் கறாரான குறுக்கீட்டாளர்களில் ஒருவர் மில்ஸ்.

அவருக்குக் கதை கட்டக் கற்றுக்கொடுத்தவை பெண்பிள்ளைகளின் இதழ்கள். இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். ‘ஜின்டி’யில் 1977-இல் தொடங்கிய ‘லேண்ட் ஆஃப் நோ டியர்ஸ்’ தொடரின் கேஸி ஷா, கால் ஊனமான சிறுமி. அந்த ஊனத்தைக் காட்டி மற்றவர்களிடம் இரக்கம் பிடுங்கிக் காரியம் சாதிப்பவள். அவள் போய் விழும் எதிர்காலத்தில் குறையுள்ள எவரும் அடிமை. கண்ணீருக்கு அங்கே விலை இல்லை. நாயகியிடம் ஒரு கோணல், உலகத்திடம் அதைவிடப் பெரிய கோணல். இரண்டும் உரசும்போது கதை தானாக நகர்கிறது.

இந்த முறையின் உச்சம் ‘சார்லிஸ் வார்’. 1979 ஜனவரியில் ‘பேட்டில்’ இதழில் தொடங்கிய முதல் உலகப் போர்க் கதை. ஓவியம் ஜோ கஹூன். பதினாறு வயது சார்லி பார்ன் வயதைக் கூட்டிச் சொல்லிப் படையில் சேர்ந்து, 1916 கோடையில் சொம் களத்துக்கு வந்து சேர்கிறான். சூட்டிகையானவன் என்று அவனைச் சொல்ல முடியாது. வீட்டுக்கு எழுதும் கடிதங்களில் எழுத்துப்பிழை மலிந்திருக்கும்; தான் நலம், சாப்பாடு பரவாயில்லை என்ற தோரணையில் போகும். அந்த வரிகளுக்குக் கீழே கஹூன் வரைந்திருப்பது சேறு, முள்கம்பி, எலி, பிணம். கடிதம் ஒன்று சொல்கிறது, படம் வேறொன்று சொல்கிறது. பத்து வயது வாசகன் அந்த இடைவெளியில் நின்று போரைத் தானே புரிந்துகொள்கிறான். நண்பன் ஜிஞ்சர் குண்டுக்குப் பலியானதும், மிஞ்சியதை மணல்மூட்டைச் சாக்கு ஒன்றில் பொறுக்கிப் போட்டுக்கொண்டு சார்லி பதுங்குகுழி வழியே நடந்துபோகும் பகுதியில் அரசாங்கத்தைப் பற்றியோ தளபதிகளைப் பற்றியோ பேச்சே இல்லை. தேவையும் இல்லை.

அதிகாரிகளையும் அந்தத் தொடர் ஒரே அச்சில் வார்க்கவில்லை. கேப்டன் ஸ்னெல் கொடூரன். அதே வர்க்கத்துக்காரரான லெப்டினன்ட் தாமஸ் தன் ஆட்களைக் காப்பாற்றப் பின்வாங்கச் சொன்னதற்காகச் சுட்டுக் கொல்லப்படுகிறார். சுடும் அணியில் நிற்க மறுக்கும் சார்லிக்கும் தோழனுக்கும் தண்டனை கிடைக்கிறது. வர்க்கம் பற்றிய மில்ஸின் கோபம் இங்கே முழு வேகத்தில் இருக்கிறது. வாரத்துக்கு மூன்று நான்கு பக்கம்தான், படிப்பவர்கள் போர்ச் சாகசம் தேடி வந்த சிறுவர்கள் என்ற நெருக்கடி அதைச் சொற்பொழிவாக விடவில்லை.

நெருக்கடியெல்லாம் நன்மைதான் என்று சொல்லிவிடவும் முடியாது. ஐ.பி.சி. தன் படைப்பாளிகளை நடத்திய விதம் வெட்கக்கேடானது. எழுத்தாளர் பெயர் அச்சாகாது, ஓவியர் படத்தின் மூலையில் போட்ட கையெழுத்தை வெள்ளை பூசி அழித்துவிடுவார்கள், உரிமை முழுவதும் நிறுவனத்துக்கு. ‘2000 ஏடி’தான் அந்த வழக்கத்தை உடைத்துப் பெயர்களைப் போடத் தொடங்கியது. ஆராய்ச்சிக்கான செலவுத் தகராறில் மில்ஸ் 1985-இல் ‘சார்லிஸ் வார்’ தொடரை விட்டு விலக, வேறொருவர் எழுதிய தொடர்ச்சி சோபிக்கவில்லை. உரிமைப் போராட்டத்தில் மில்ஸ் பக்கம்தான் நியாயம். அந்த நியாயத்தை எழுத்தின் தரத்துக்குச் சான்றிதழாக நீட்டுவதுதான் தவறு.

தவறு எங்கே தெரிகிறது என்றால், எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து மில்ஸின் நாயகர்களுக்கு மில்ஸுக்குத் தெரிந்ததெல்லாம் தெரிந்துவிடுகிறது. ‘கிரைசிஸ்’ இதழில் 1988-இல் வந்த ‘தேர்ட் வேர்ல்ட் வார்’ இதற்குத் தெளிவான உதாரணம். ஓவியர் கார்லோஸ் எஸ்குவெரா, சொல்ல வந்த பொருள் பன்னாட்டு உணவு நிறுவனங்கள் மத்திய அமெரிக்காவைச் சூறையாடுவது. அன்றைய பிரிட்டிஷ் காமிக்ஸில் வேறு யாரும் தொடாத விஷயம். ஆனால் கதை சொல்லும் ஈவ், சார்லி அல்ல. கண்ணெதிரே நடப்பதைப் பார்த்துத் தடுமாறுவதற்கு முன்பே அவளிடம் விளக்கம் தயாராக இருக்கிறது. உடன் வரும் இளைஞர்கள் ஆளுக்கொரு கருத்தின் பிரதிநிதிகள். யார் வாயைத் திறந்தாலும் எந்தப் பக்கம் பேசுவார்கள் என்று வாசகனுக்கு முன்கூட்டியே தெரியும். எஸ்குவெரா வரைந்த முகங்களில் இருக்கும் குழப்பமும் அச்சமும், அவற்றின் மேல் ஏறி உட்கார்ந்த எழுத்தில் இல்லை. படத்துக்கும் வார்த்தைக்கும் இடையே முன்பு இருந்த இடைவெளி அடைபட்டுவிட்டது.

‘ஏ.பி.சி. வாரியர்ஸ்’ இன்னொரு உதாரணம். 1979-இல் அது போர் ரோபோக்கள் ஏழு பேரை ஒவ்வொருவராகத் திரட்டும் விறுவிறுப்பான கதை. ஒழுங்கு, கட்டளை என்று பழகிய ஹேமர்ஸ்டைனுக்கு எதிரில் மந்திரவாதி ரோபோ டெட்லாக் நிற்பது நல்ல நாடகத்துக்கான வித்து. தொண்ணூறுகளில் வந்த தொடர்களில் அந்த நாடகம் மதமாற்றக் கூட்டமாகிவிடுகிறது. குழப்பமே மேலான நெறி என்று டெட்லாக் போதிப்பதற்கு எதிர்வாதம் சொல்ல ஆள் இல்லை. ஹேமர்ஸ்டைன் சொல்லும் மறுப்பு தோற்பதற்கென்றே எழுதப்பட்டது. ‘ஸ்லெய்ன்’ தொடரும் இந்த வழியில்தான் போனது. சைமன் பிஸ்லி வரைந்த ‘தி ஹார்ன்ட் காட்’ பகுதியில், தாய்த்தெய்வ வழிபாடு பற்றிய நீண்ட போதனையைக் குள்ளன் உக்கோவின் கேலி அவ்வப்போது குத்திக் காற்றை இறக்கியது. பிந்தைய ஆண்டுகளில் கேலி ஒப்புக்கு வருகிறது, போதனை தங்கிவிடுகிறது.

அங்கதம் என்றால் மிகை இருக்கத்தான் செய்யும், வில்லனிடம் உளவியல் நுட்பம் தேடக் கூடாது என்பது ஆதரவாளர்களின் பதில். ‘நெமிசிஸ் தி வார்லாக்’ தொடரின் டார்க்கமாடாவை எடுத்துக்காட்டுவார்கள். எடுத்துக்காட்டு சரிதான். அன்னியரை வேட்டையாடும் அந்த மதவெறியன் பிரிட்டிஷ் காமிக்ஸின் மகத்தான வில்லன். கெவின் ஓநீலின் கூர்முனைக் கோடுகளில் அவன் பயங்கரமாகவும் வேடிக்கையாகவும் இருக்கிறான். எதிரே நிற்கும் நெமிசிஸும் மனிதர்களை விளையாட்டுப் பொருளாக நினைக்கும் பூதம்தான் என்ற திருப்பம் தொடருக்குக் கசப்பான ஆழம் தந்தது. ஆனால் 1980-இல் தொடங்கிய மோதல் 1999 வரை இழுத்தது. டார்க்கமாடா செத்துச் செத்துப் பிழைத்தான். ஒவ்வொரு முறையும் அதே பகை, அதே முழக்கம். தானே வெறுக்கும் கூட்டத்தில் தானும் ஒருவன் என்று நாயகன் அறிந்திருக்கும் ‘மார்ஷல் லா’ தொடர் மட்டும் (1987) இந்தப் பள்ளத்தில் நெடுநாள் விழாமல் இருந்தது.

டார்க்கமாடாவை விட்டுவிட்டு ‘2000 ஏடி’யின் முப்பதாவது இதழில் மில்ஸ் எழுதிய ‘தி ரிட்டர்ன் ஆஃப் ரிகோ’வைப் பார்த்தால் அங்கத வாதம் நிற்காது. சில பக்கக் கதை. தன்னால் கைதாகி இருபது ஆண்டுகள் டைட்டன் சிறையில் கிடந்து திரும்பும் இரட்டையனை ஜட்ஜ் டிரெட் சுட்டுக் கொல்ல வேண்டியிருக்கிறது. ரிகோ குற்றவாளி, ஆனால் சிறை அவன் முகத்தைச் சிதைத்திருக்கும் கோலத்தைப் பார்க்கும் வாசகனுக்கு அவன் கோபத்தின் காரணம் புரிகிறது. வாதிடும் வாய்ப்பு வில்லனுக்குக் கிடைத்ததால் டிரெட்டின் சட்டம் முதன்முதலாகக் கனக்கிறது. மில்ஸுக்கு இது கைவராத வித்தை அல்ல என்பதற்கு அந்தச் சில பக்கமே சாட்சி. பிறகு அதை வேண்டாம் என்று வைத்தவர் அவர்.

முழுச் சுதந்திரத்தைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பும் வந்தது. 1991-இல் மில்ஸ், வாக்னர், ஓநீல் உள்ளிட்டோர் உரிமை படைப்பாளிக்கே என்ற நிபந்தனையோடு ‘டாக்ஸிக்!’ வார இதழைத் தொடங்கினார்கள். முப்பத்தோரு இதழ்களோடு நின்றுபோனது. பதிப்பகத்தின் பணச் சிக்கலுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் பக்கங்களைப் புரட்டினால் பணத்தால் சரிசெய்ய முடியாத குறை ஒன்றும் தெரியும்: வன்முறையும் கேலியும் ஏராளம், இதைக் குறை, இதை வெட்டு என்று சொல்ல ஆள் இல்லை. 1977-இன் மில்ஸ் அந்த ஆசிரியர் நாற்காலியில் இருந்திருந்தால் அதில் பாதியைத் திருப்பி அனுப்பியிருப்பார்.

இதற்குப் பிறகும் அவர் ஓயவில்லை. பிரான்சில் ஒலிவியே லெத்ருவாவின் ஓவியத்தில் ‘ரெக்வியம்’ என்ற ரத்தக்காட்டேரித் தொடர் 2000-இலிருந்து ஆல்பங்களாக வந்தது. பழைய ‘இன்வேஷன்!’ தொடரின் நாயகனான லாரி ஓட்டுநர் பில் சேவேஜ் 2004-இல் தன் பெயரிலேயே தொடர் பெற்றான். அவனும் இப்போது அரசியல் விளக்கம் தரக் கற்றுக்கொண்டுவிட்டான். 2020-இல் ‘ஸ்பேஸ்வார்ப்’ என்ற அறிவியல் புனைவு காமிக்ஸ் தொகுப்பை மில்ஸ் தன் சொந்தப் பொறுப்பில் வெளியிட்டார். ஓவியர்கள் பலர், கதைகள் அத்தனையும் அவருடையவை. எழுத்தாளர், ஆசிரியர், பதிப்பாளர் மூவரும் ஒரே ஆள் என்பதால், அதில் வரும் பிரசங்கங்களுக்கு இனி வேறு யாரையும் பொறுப்பாக்க முடியாது.