சாலி ஹெமிங்ஸும் ஒரு ரத்தப் பரிசோதனையும்

பார்பரா சேஸ்-ரிபோ என்ற அமெரிக்க ஆசிரியை 1979-ல் வெளியிட்ட 'சாலி ஹெமிங்ஸ்' நாவலை மறுபடியும் படித்தேன். அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெபர்ஸனுக்கும் அவர் வீட்டு அடிமைப் பெண்ணுக்கும் இருந்த உறவுதான் கதை. புத்தகம் வந்தபோது சரித்திர ஆசிரியர்கள் சிலர் சீறி விழுந்தார்கள். 1998 நவம்பரில், 'நேச்சர்' என்னும் விஞ்ஞானப் பத்திரிகையில் ஒரு மரபணுப் பரிசோதனையின் முடிவு வெளியாயிற்று. ஆசிரியை ஜெயித்துவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். ஜெயித்திருக்கட்டும், அதனால் நாவல் நல்ல நாவலாகிவிடுமா?

முதலில் பரிசோதனை இன்னதென்று சொல்லிவிடுகிறேன். ஆணின் உடம்பில் 'ஒய்' என்றொரு குரோமோசோம் உண்டு. கோத்திரம் மாதிரி அது தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகிறது; மகளுக்குப் போவதில்லை. தலைமுறை பல ஆனாலும் அநேகமாக மாறாமல் இறங்குகிறது. ஜெபர்ஸனுக்கு மனைவி வயிற்றில் ஆண் குழந்தை தங்கவில்லை. ஆகவே அவருடைய பெரியப்பா பீல்ட் ஜெபர்ஸனின் ஆண் வழியில் வந்த ஐந்து பேரிடமும், சாலியின் கடைசிப் பிள்ளை எஸ்டனின் ஆண் வழியில் வந்த ஒருவரிடமும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒத்துப்போயிற்று. 'பெரியவர் அல்ல, அவருடைய சகோதரியின் பிள்ளைகள்தான் காரணம்' என்று ஜெபர்ஸனின் பேரன் பேத்திகள் சொல்லி வந்தார்கள் அல்லவா? அந்தக் கார் சகோதரர்களின் வம்சத்து ரத்தம் ஒத்துப்போகவில்லை.

ஆனால் குரோமோசோம் வம்சத்தைச் சொல்லுமே ஒழிய, ஆளைச் சொல்லாது. ஜெபர்ஸனின் தம்பி ராண்டால்ஃபுக்கும் அதே சரக்குத்தான். சாலி கருவுற்ற காலங்களிலெல்லாம் ஜெபர்ஸன் தம் மாண்டிசெல்லோ வீட்டில் இருந்தார் என்பதைப் பழைய காகிதங்கள்தாம் சொல்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தே, அந்த வீட்டைப் பராமரிக்கும் நிறுவனம் 2000-ல் விஷயத்தை ஏற்றுக்கொண்டது.

இதில் எனக்கு உறைப்பது வேறு. சாலியின் இன்னொரு மகன் மாடிசன், 1873-ல் ஓஹியோவில் ஒரு பத்திரிகைக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். தகப்பனார் பெயரைச் சொன்னார். அம்மா பாரிஸில் இருந்தபோது நடந்ததையும் சொன்னார். பிரெஞ்சுச் சட்டத்தில் அவள் விடுதலை பெற வழி இருந்தது. ஊர் திரும்ப மறுத்தாள். உனக்குப் பிறக்கும் பிள்ளைகளை இருபத்தொரு வயதில் விடுதலை செய்வேன் என்று ஜெபர்ஸன் வாக்குக் கொடுத்த பிறகே கப்பல் ஏறினாள். பெற்ற பிள்ளையின் இந்தச் சொல்லைப் படித்தவர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேல் குப்பையில் போட்டுவிட்டு, எஜமானின் பேரப்பிள்ளைகளின் சொல்லைப் பெட்டியில் வைத்துக் காத்தார்கள். இது என்ன நியாயம் என்று கேட்டவர் அனெட் கார்டன்-ரீட் என்ற சட்டம் படித்த பெண்மணி. அவர் புத்தகம் 1997-ல், பரிசோதனைக்கு ஓராண்டு முன்பே வந்துவிட்டது. ஒரு சொட்டு ரத்தமும் இல்லாமல், சாட்சிகளை எடை போட்டே அவர் வழக்கை நடத்தியிருக்கிறார். எனக்கு அந்தப் புத்தகந்தான் பெரிதாகப் படுகிறது.

நாவலுக்கு வருவோம். தொடக்கம் பிரமாதம். 1830. சாலி கிழவியாகும் தறுவாயில் இருக்கிறாள். ஜனத்தொகைக் கணக்கெடுக்க ஒரு வெள்ளைக்கார வாலிபன் வருகிறான். அவளைப் பார்த்துவிட்டு, ஜெபர்ஸனின் பெயருக்குப் பழுது வரக்கூடாதென்று, அவளை வெள்ளைக்காரி என்று பதிந்துகொள்கிறான். வாலிபன் கற்பனை, பதிவு கற்பனை அல்ல. 1830-ம் வருஷத்துக் கணக்கில் அவர்கள் வெள்ளையர்களாகவே இருக்கிறார்கள். மூன்றே வருஷத்தில், 1833-ம் வருஷக் கணக்கில், சாலி கலப்பினத்தவள் ஆகிவிடுகிறாள். பேனாவைப் பிடித்தவன் வைத்ததே ஜாதி! இதைக் கண்டு பிடித்து முதல் அத்தியாயமாக வைத்தவரின் கைக்கு ஒரு நமஸ்காரம் சொல்லலாம்.

பாரிஸ் அத்தியாயங்களில்தான் மனசு ஒட்டவில்லை. 1787-ல் அவள் அங்கே போகும்போது பதினாலு வயது. அவருக்கு நாற்பத்து நாலு. செத்துப்போன அவர் மனைவிக்கு அவள் ஒரே தகப்பனுக்குப் பிறந்த தங்கை வேறு. முகச்சாயல் ஒன்றே போதும், ஒரு நாவலாசிரியனின் தூக்கத்தைக் கெடுக்க. அந்தச் சிறுமி, உலகத்திலேயே சாதுரியமாகப் பேசத் தெரிந்த மனிதர் ஒருவரோடு, வயிற்றிலிருக்கும் பிள்ளைக்காகப் பேரம் பேசுகிறாள். இதைவிட ஒரு காட்சி வேண்டுமா? ஆசிரியையோ அந்தப் பேரத்தைக் காதலில் கரைத்துவிடுகிறார். பால்கோவாவில் மிளகைக் கரைத்த மாதிரி, இரண்டின் ருசியும் போய்விட்டது. காதல் இருந்திருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இருந்ததா என்று எந்த ரத்தமும் சொல்லாது. ஆனால் பின்னால் நடந்ததைப் பாருங்கள். பிள்ளைகள் விஷயத்தில் மனிதர் வாக்கைக் காப்பாற்றினார். பெவர்லியையும் ஹாரியட்டையும் 1822-ல் போக விட்டார்; மாடிசனுக்கும் எஸ்டனுக்கும் 1826-ல் உயிலில் விடுதலை எழுதினார். சாலியின் பெயர் அந்த உயிலில் இல்லை. காதல் கதையாக எழுதுகிறவர் இந்த இல்லாமையின் எதிரில் உட்கார்ந்து நாற்பது பக்கமாவது எழுதியிருக்க வேண்டாமா?

எழுதப்படாத நாவல் இன்னொன்றும் அந்தப் பரிசோதனையில் கிடக்கிறது. உட்ஸன் என்ற கறுப்பர் குடும்பம், தங்கள் பாட்டனார் தாமஸ் உட்ஸன், சாலிக்கும் ஜெபர்ஸனுக்கும் பிறந்த மூத்த பிள்ளை என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வளர்ந்தது. அந்த வம்சத்தில் ஐந்து பேர் ரத்தம் கொடுத்தார்கள். ஒத்துப்போகவில்லை. சேதி வந்த சாயங்காலம் அந்த வீடுகளில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள்? பேரன் பாட்டியின் முகத்தை எப்படிப் பார்த்திருப்பான்? அவர்களில் பலர் பிறகும் தங்கள் கதையை விட்டுவிடவில்லை.

உள்ளதைச் சொன்ன மாடிசன் வம்சத்திலோ, சோதிக்க ஆண் வாரிசே இல்லை. உள்நாட்டு யுத்தத்தில் சிப்பாயாக இருந்த அவர் மகன் வில்லியம், கான்ஸாஸில் லெவன்வொர்த் படைவீரர் மயானத்தில் புதைக்கப்பட்டிருக்கிறார். அந்தக் குழியைத் தோண்டி எலும்பை எடுத்துப் பார்க்கலாம் என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் குடும்பத்தார்.