தகைவு என்னும் கருத்தாக்கம்: உப்பளக் கரையிலிருந்து ஒரு வாசிப்பு

'அழுத்தம்' என்ற ஒரே சொல்லின் தலையில் நாம் ஏற்றி வைத்திருக்கும் பாரம் கொஞ்சநஞ்சமல்ல. சைக்கிள் டியூபில் காற்றழுத்தம், ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம், வேலையில் பணி அழுத்தம், மனசுக்குள் மன அழுத்தம். நம் விமர்சனக் கட்டுரைகளில் சமூக அழுத்தம், அரசியல் அழுத்தம். இவை அத்தனைக்கும் பின்னால் ஒரே சித்திரம்தான் இருக்கிறது: வெளியே ஏதோ ஒன்று அமுக்குகிறது, உள்ளே ஏதோ ஒன்று அதைத் தாங்குகிறது. அமுக்குவது நீங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

இந்தச் சித்திரத்தை உடைக்கும் கருத்தாக்கம் ஒன்று பொறியியலில் 200 ஆண்டுகளாக இருந்து வருகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அதன் பெயர் தகைவு. ஈழத்துப் பாடநூல்களில் தகைப்பு. பொருட்களின் வலிமை பற்றிய படிப்பு அதிலிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் அதை அறிமுகப்படுத்தும் விதத்திலேயே அதன் கூர்மை மழுங்கடிக்கப்படுகிறது என்பது என் வாதம். 'ஓரலகுப் பரப்பின் மேல் செயல்படும் விசை' என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, விசையைப் பரப்பால் வகுக்கும் கணக்குக்குப் போய்விடுகிறார்கள். எந்தப் பரப்பு? அது எங்கே இருக்கிறது? யார் மேல் யார் செலுத்தும் விசை? இந்த மூன்று கேள்விகளையும் கேட்காத வரையில் தகைவு என்பது அழுத்தத்தின் இன்னொரு பெயராக மட்டுமே எஞ்சும்.

மரக்காணத்து உப்பளத்தில் ஒரு பெண் கூடை நிறைய உப்பைத் தலையில் வைத்து வரப்பின் மேல் நடந்து போகிறார் என்று வைத்துக்கொள்வோம். துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்திருக்கிறார். சும்மாடு என்ன செய்கிறது? கூடையின் எடையைக் குறைப்பதில்லை. கூடை தலையைத் தொடும் பரப்பைக் கூட்டுகிறது. உச்சந்தலையில் குத்துவது குறைகிறது. இது அழுத்தம், மேற்பரப்பின் விவகாரம். ஆனால் கழுத்து? அங்கே சும்மாட்டால் ஆகப்போவது எதுவும் கிடையாது. கழுத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டு, மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் மனத்தில் பிரித்துப் பாருங்கள். மேல்பகுதி கீழ்பகுதியை அழுத்துகிறது. கீழ்பகுதி அதே அளவு மேலே தள்ளுகிறது. கோட்டை முழங்காலுக்கு இறக்கினால் கூடையோடு உடம்பின் எடையும் சேர்ந்துகொள்கிறது. தகைவு என்பது இதுதான்: ஒரு பொருளின் ஒரு பாகம் தன்னுடைய இன்னொரு பாகத்தின் மேல், அவ்விரண்டுக்கும் இடையே நாம் கற்பனை செய்யும் பரப்பின் வழியாகச் செலுத்தும் விசை, ஓரலகுப் பரப்புக்கு எவ்வளவு என்பது. 'உப்பு என்னை அழுத்துது' என்பதல்ல. 'என் உடம்பு தன்னையே தாங்கிப் பிடிக்குது' என்பது.

வெட்டிப் பார்க்காமல் தகைவைப் பேச முடியாது. இதைத் தெளிவாகச் சொன்னவர் பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோஷி. இளம் வயதில் ஷெர்பூர் துறைமுகக் கட்டுமானத்தில் பொறியாளராக வேலை பார்த்தவர். 1822இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் இந்தக் கருத்தை முன்வைத்தார். அவர் சொன்னதன் சாரத்தை ஓர் எளிய கணக்கால் காட்டலாம். 50 கிலோ உப்பு மூட்டை ஓர் இரும்புக் கம்பியில் தொங்குகிறது. கம்பியின் குறுக்குவெட்டு 100 சதுர மில்லிமீட்டர். எடை ஏறத்தாழ 500 நியூட்டன். கம்பியைக் குறுக்கே நேராக வெட்டிப் பார்த்தால் சதுர மில்லிமீட்டருக்கு 5 நியூட்டன் இழுவிசைத் தகைவு. அதே கம்பியை 45 டிகிரி சாய்த்து வெட்டினால் பிரித்து இழுக்கும் தகைவு 2.5, கூடவே, வெட்டின் மேல் சறுக்கப் பார்க்கும் தகைவு 2.5. நீளவாட்டில் வெட்டினால் இரண்டுமே பூஜ்யம்.

ஒரே கம்பி, ஒரே மூட்டை, ஆனால் மூன்று விடைகள். அப்படியானால் எது உண்மை? மூன்றும்தான். ஒரு புள்ளியில் தகைவு எவ்வளவு என்ற கேள்வி அரைக் கேள்வி. எந்த வெட்டின் மேல் என்பதையும் சேர்த்தால்தான் அது முழுக் கேள்வி ஆகும். இதனால் எல்லாமே பார்ப்பவரைப் பொறுத்தது என்றாகிவிடாது. எந்த வெட்டுக்கும் விடை சொல்லிவிடக்கூடிய ஒழுங்கு ஒன்று அந்தப் புள்ளியில் இருக்கிறது என்று நிறுவியதுதான் கோஷியின் சாதனை. பன்முக வாசிப்பு பற்றி நாம் நடத்திவரும் விவாதங்களில், 'எல்லா வாசிப்பும் சரி' என்று கையை விரிப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

இன்னொன்று, சராசரி. விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது சராசரித் தகைவு மட்டுமே. அகலமான தகடு ஒன்றில் சின்னதாக ஒரு வட்டத் துளை போட்டு இழுத்தால், துளையின் ஓரத்தில் தகைவு சராசரியைப் போல மூன்று மடங்கு என்று 1898இலேயே கிர்ஷ் கணக்கிட்டுக் காட்டினார். தகடு கிழிவது சராசரியால் அல்ல, அந்த ஓரத்தால். சராசரி வருமானம், சராசரிக் கூலி என்று பேசும் புள்ளிவிவர மொழிக்கும் இது பொருந்தும்.

இனி, வெளிப் பாரமே இல்லாத நிலைக்கு வருவோம். மழைக்காலம் முடிந்ததும் உப்பளத்தில் சேற்றை அள்ளிப் பாத்தி கட்டி, தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குகிறார்கள். களிமண் தரையைக் காயவிட்டால் வெடிக்கிறது. யார் அதன் மேல் என்ன வைத்தார்கள்? யாரும் எதுவும் வைக்கவில்லை. மேல்மண் காய்ந்து சுருங்கப் பார்க்கிறது. ஈரமாக இருக்கும் அடிமண் அதைச் சுருங்க விடாமல் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடியில் உண்டாகும் இழுவிசைத் தகைவு மண்ணின் பலத்தைத் தாண்டும்போது வெடிப்பு.

கான்கிரீட்டில் நடப்பது இதைவிட மோசம். கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளே இருக்கும் கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்றை வைத்திருக்கிறது. உப்புக் காற்றில் வரும் குளோரைடு உள்ளே இறங்கி அந்தப் படலத்தை உடைக்கிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். இடம் எங்கே? சுற்றியுள்ள கான்கிரீட்டைத் தள்ளுகிறது. அமுக்கத்தைத் தாங்குவதில் பத்தில் ஒரு பங்குதான் இழுப்பைத் தாங்கும் கான்கிரீட், கம்பி ஓடும் திசையிலேயே பிளக்கிறது, காரை பெயர்கிறது. கடலோரத்தில் இதை 'உப்பு அரிச்சிடுச்சு' என்கிறோம். 'பாரம் தாங்கலை' என்றும் சொல்வோம். இரண்டாவது தவறான வாசிப்பு. மாடியில் ஒரு மூட்டைகூட ஏற்றாமல் இருந்திருந்தாலும் விரிசல் வந்திருக்கும்.

சொல்லைப் பற்றியும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஸ்ட்ரெஸ் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் துன்பம், நெருக்கடி என்ற வேர்ப்பொருள் உண்டு. 1850களில் ராங்கின் அதைப் பொறியியலின் கறாரான கலைச்சொல்லாக்கினார். 1936இல் உடலின் எதிர்வினைகளைப் பற்றி எழுதத் தொடங்கிய ஹான்ஸ் செல்யே, பின்னர் அதே சொல்லை மருத்துவத்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து அது 'மன அழுத்தம்' ஆகி நம்மிடம் வந்தது. வந்த வழியில் வெட்டும் பரப்பும் உதிர்ந்துபோய், மறுபடியும் வெளியிலிருந்து அமுக்கும் பூதம்தான் மிச்சம். தமிழில் தகைதல் என்றால் தடுத்தல், தடுத்து நிறுத்துதல். ஆங்கிலச் சொல் படும் துன்பத்தைச் சொல்கிறது. தமிழ்ச் சொல் எதிர்த்து நிற்பதைச் சொல்கிறது. கருத்தாக்கத்துக்கு நெருக்கமானது தமிழ்ச் சொல்தான். இருந்தும் அது பாடநூலைத் தாண்டவில்லை.

இதையெல்லாம் ஓர் இலக்கியப் பத்திரிகையில் எதற்காகப் பேச வேண்டும்? 2013 ஏப்ரல் 25 அன்று, மாமல்லபுரத்துச் சித்திரை முழுநிலவு விழாவுக்குக் கூட்டம் போன நாளில், மரக்காணத்தில் சாதி வன்முறை வெடித்தது. உயிர்கள் போயின, தலித் மக்களின் வீடுகள் எரிந்தன. இத்தகைய நிகழ்வுகளை எழுத நம்மிடம் இருக்கும் மொழி பாரத்தின் மொழி: கூட்டம் வந்தது, பதற்றம் வந்தது, போலீஸ் வந்தது, பதற்றம் தணிந்தது. வெளியிலிருந்து வந்தது வெளியே போய்விட்டால் ஊர் பழையபடி அமைதியாகிவிடும் என்பது அதன் உள்ளர்த்தம். தகைவு என்ற கருத்தாக்கம் இங்கே கேட்கும் கேள்வி வேறு: பாரம் இல்லாத நாட்களில் இந்த ஊரின் ஒரு பாகம் இன்னொரு பாகத்தை என்ன செய்துகொண்டிருக்கிறது?

உருவகத்தை அளவுக்கு மீறி இழுக்கவும் கூடாது. இரும்பில் வெட்டு என்பது கற்பனை. ஊருக்கும் காலனிக்கும் நடுவே இருக்கும் வெட்டை யாரும் கற்பனை செய்ய வேண்டியதில்லை; அது தெருவாகவே கிடக்கிறது. இரும்புக்குத் தன் தகைவைச் சொல்லத் தெரியாது; மனிதர்கள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆகவே 'சமூகத் தகைவு' என்று புதிதாக ஒரு கலைச்சொல்லை உருவாக்கி நாளைக்கே எல்லாக் கட்டுரைகளிலும் தூவுவது என் நோக்கமல்ல. 'அழுத்தம்' என்று எழுதப் போகும் ஒவ்வொரு முறையும், எதன் மேல் எது, எந்தப் பரப்பின் வழியாக என்று கேட்டுக்கொண்டு எழுதினால் போதும். பதில் சொல்ல முடியாத இடங்களில் அந்தச் சொல்லை எடுத்துவிடலாம். வாக்கியத்துக்கு ஒரு நஷ்டமும் வராது.