குழுப் புதிரை நீக்கியது சரியா?

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட் நுழைவுத் தேர்வில் 2024 ஆகஸ்ட் முதல் ‘லாஜிக் கேம்ஸ்’ பகுதி கிடையாது. வரிசைப் புதிர்களோடு குழுப் புதிர்களும் போய்விட்டன. அது நியாயமா என்று பார்க்க, புதிரைப் போட்டுப் பார்ப்பதே வழி.

ஏழு பேர்: ஆன், பென், கார்ல், டான், ஈவா, ஃபிரான், ஜினா. முதல் குழுவில் மூவர், இரண்டாவதில் நால்வர். ஆனும் பென்னும் ஒரே குழுவில் இருக்கக் கூடாது. கார்லும் டானும் பிரியக் கூடாது. ஈவா முதல் குழு என்றால் ஃபிரானும் முதல் குழு.

கார்ல் முதல் குழுவில் என்று வைப்போம். டானும் வந்துவிடுவார். மீதி ஓரிடம் ஆனுக்கோ பென்னுக்கோதான். இல்லையேல் இருவரும் இரண்டாவதில் சேர்ந்துவிடுவார்கள். முதல் குழு நிரம்பிவிட்டது. ஆக ஈவா, ஃபிரான், ஜினா மூவருக்கும் இரண்டாவது குழுதான். ஜினாவைப் பற்றி ஒரு நிபந்தனைகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். இடக்கணக்கே அவரை அங்கே உட்கார வைத்துவிட்டது. இதுதான் குழுப் புதிரின் உயர்வு. கடைசி நிபந்தனையைத் தலைகீழாகப் படித்து, ‘ஃபிரான் முதல் குழு என்றால் ஈவாவும் அங்கே’ என்று எண்ணுவது வழக்கமான சறுக்கல். சட்டம் படிப்பவருக்கு அந்தச் சறுக்கல் ஆபத்தானது; அதைப் பிடிக்கும் தேர்வு வீணானதல்ல.

ஆனால் தேர்வு அளந்தது இதை மட்டும்தானா? நான்கு புதிர்களுக்கு 35 நிமிடம். ஒன்றுக்கு ஒன்பது நிமிடம்கூட இல்லை. அந்த அவசரத்தில் பெயர்களை முதலெழுத்தாகச் சுருக்கி, கட்டம் போட்டு, மாற்று நிலைகளை வரைந்து வைத்தவர்தான் தப்பினார். அது பழக்கத்தால் வரும் கைவேலை. பயிற்சியால் மதிப்பெண் சுலபமாக ஏறும் பகுதி இது என்று பயிற்றுநர்களே பரவலாகச் சொல்லிவந்தார்கள். காசும் நேரமும் உள்ளவருக்கு அது சாதகம்.

பார்வையற்றோருக்கோ இது அநீதி. வரைய முடியாதவரிடம் வரைந்தால்தான் எட்டும் வேகத்தை எதிர்பார்ப்பது தர்க்கத்தை அளப்பதாகாது. அவர்கள் தொடுத்த வழக்கு 2019-இல் சமரசத்தில் முடிந்தது. மாற்று வழி காண்பதாகத் தேர்வு நடத்தும் அமைப்பு ஒப்புக்கொண்டது. கூடுதல் நேரம் கொடுத்தால் போதாதா என்பார்கள். கூடுதல் நேரம் காகிதத்துக்கு ஈடாகாது.

இப்போது அந்த இடத்தில் வாதங்களை ஆராயும் இன்னொரு பகுதி வருகிறது. தலைகீழ்ச் சறுக்கலை அதுவும் பிடிக்கும். இடக்கணக்கு மட்டும் அதில் இல்லை. இழப்பு உண்மைதான். ஆனாலும் நீக்கியது சரி என்பதே என் தீர்ப்பு. குற்றம் புதிர்மேல் இல்லை, கெடுவின் மேல். வரையாமலே மனத்தில் நிற்கும் அளவுக்குச் சிறிய குழுப் புதிர் இரண்டை, அவசரமில்லாத நேரத்தோடு, தேர்வில் மீண்டும் வைக்கலாம்.