இக்தியோஸ்தெகாவும் யார்விக்கின் இருவழிக் கொள்கையும்

கிழக்குக் கிறீன்லாந்தின் தெவோனியப் பாறைகளிற் கிடைத்த இக்தியோஸ்தெகா என்னும் விலங்கின் உயிர்ச்சுவடுகளை 1932இல் முதன்முதல் விவரித்தவர் சுவீடன் நாட்டவரான சேவே-சோடர்பேர்க். அவர் 1948இல் இளமையிலேயே மறைய, ஆராய்ச்சி எரிக் யார்விக்கின் கைக்கு வந்தது. அதன் விரிவான வருணனை நூலை அவர் வெளியிட்டதோ 1996இல்!

யார்விக்கின் உழைப்பு எளிதாக எண்ணத்தக்கதன்று. யூஸ்தெனொப்தெரன் மீனின் மண்டையைச் சிறிது சிறிதாக அராவி, ஒவ்வொரு வெட்டுமுகத்தையும் வரைந்து, மெழுகிற் பெருப்பித்து அமைத்தவர் அவர். இக்தியோஸ்தெகாவின் வாலில் மீனுக்குரிய செட்டைக் கதிர்கள் எஞ்சியிருந்தமையை 1952இல் எடுத்துக்காட்டியவரும் அவரே. இத்தகையவர் கூர்ப்புவழியை வகுக்குமிடத்து இடறியமை வியப்புக்குரியது.

சலமந்தர்கள் பொரோலெப்பிட் மீன்களின் வழியிலும், தவளையுள்ளிட்ட ஏனை நாற்கால் விலங்குகள் ஒஸ்தியோலெப்பிட் மீன்களின் வழியிலும் தனித்தனியே தோன்றின என்பது அவர் கொள்கை. மூஞ்சியின் அமைப்புப்பற்றி 1942இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சியே இதற்கு அடித்தளம். இக்கொள்கையை ஏற்பின், கால் இருமுறை தோன்றியதெனவும் கொள்ளல் வேண்டும். புயவென்பு, ஆரை, அரந்தி, மணிக்கட்டு, விரல் என்னும் முழுத் தொடரும் இரு கிளைகளிலும் ஒரே ஒழுங்கில் தற்செயலாக அமைந்ததென்பது எங்ஙனம் பொருந்தும்? மூக்கிற் கண்ட சிற்றொப்புமைக்குப் பெருநிறையும் காலிற் கண்ட பேரொப்புமைக்குச் சிறுநிறையும் தருவது தராசின் குற்றமே. பின்வந்த ஆய்வாளர் பொரோலெப்பிட்டுக்களை நுரையீரல்மீன்களுக்கு அண்மையில் வைத்தனர்; தவளையும் சலமந்தரும் நெருங்கிய உறவின என்பதை மரபணுச் சான்றும் வலியுறுத்துகின்றது.

விரல்களின் செய்தியோ இன்னும் சுவையானது. யார்விக்கின் பழைய சித்திரத்தில் இக்தியோஸ்தெகாவின் பின்காலுக்கு ஐந்து விரல்கள். நாற்கால் விலங்கெனின் ஐந்தே விரல் என்ற முடிபு, கல்லைப் பார்க்குமுன்னரே மனத்தில் இருந்தது போலும். உருசியாவின் தூலெர்பெத்தனுக்கு ஆறு விரல்கள் என்பதை 1984இல் லெபெதெவ் அறிவித்தார். 1987இல் ஜெனி கிளாக் கிறீன்லாந்து சென்று அகாந்தோஸ்தெகாவின் சுவடுகளைக் கொணர்ந்தார். அதன் முன்காலில் எட்டு விரல்களும் இக்தியோஸ்தெகாவின் பின்காலில் ஏழு விரல்களும் உண்டென்பதை அவரும் கோற்சும் 1990இல் வெளியிட்டனர். மறு ஆண்டில் அகாந்தோஸ்தெகாவுக்கு மீனைப்போன்ற பூக்கள் இருந்தமையையும் காட்டினர். எனவே, கால் நிலத்துக்காகத் தோன்றியதென்ற பழங்கருத்தும் ஆட்டங்கண்டது.

இவ்விரு விலங்குகளும், இன்றைய ஈரூடகவாழிகளின் கிளையும் ஊர்வன முதலியவற்றின் கிளையும் பிரியுமுன்னரே அடிமரத்திற் கிளைத்தவை. அதனால், 'முதல் ஈரூடகவாழி' எனப் பாடநூல்கள் இக்தியோஸ்தெகாவுக்கு வழங்கிவந்த பெயர் உறவுமுறைப்படி பொருந்தாது.