எடைக்கு விதி உண்டு, பயிற்சிக்கு இல்லை

நூல்களை விமர்சிக்கிறோம், ஒரு சட்ட விதியை விமர்சித்தால் என்ன? அமெரிக்காவின் விமான விதித் தொகுப்பில் 103-ஆம் பகுதி என்று ஒன்று உண்டு. 1982 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. சில பக்கங்களே கொண்டது. நாற்பது ஆண்டுகள் கடந்தும் பெரிய மாற்றமின்றி இன்றும் நிற்கிறது. அல்ட்ராலைட் எனப்படும் மிக இலேசான விமானங்களைப் பற்றியது அது.

அது பிறந்த கதையை முதலில் காண்போம். 1976-இல் ஆஷ்காஷ் நகரில் நடந்த விமான விழாவில் ஜான் மூடி என்பவர், சிறு எந்திரம் பொருத்திய சிறகைத் தாங்கியபடி ஓடி, தரையிலிருந்து எழும்பிக் காட்டினார். ஆர்வம் பரவியது. அலுமினியக் குழாய், கம்பி, துணி ஆகியவற்றைக் கொண்டு பலரும் விமானம் கட்டலாயினர். எது அல்ட்ராலைட், எது விமானம் என்று வரையறுக்க வேண்டிய நிலை அரசுக்கு வந்தது.

விதி நான்கு எண்களால் இதற்கு விடை தந்தது. எந்திரமுள்ள அல்ட்ராலைட்டின் வெற்று எடை 115 கிலோவுக்குள் இருக்க வேண்டும். எரிபொருள் சுமார் 19 லிட்டருக்கு மேற்படக் கூடாது. சமமட்டப் பறப்பில் அதிக வேகம் மணிக்கு 102 கிலோமீட்டர். எந்திரம் ஓடாத நிலையில் சிறகு தூக்குவிசையை இழக்கும் வேகம் 44 கிலோமீட்டருக்கு மேற்படக் கூடாது. இவற்றோடு, ஒருவர் மட்டுமே ஏறலாம். நோக்கம் பொழுதுபோக்காகவே இருக்க வேண்டும். நெருக்கமாக மக்கள் வாழும் இடத்தின் மேல் பறக்கலாகாது.

இவற்றுக்கு உட்பட்டால் விமானத்துக்குப் பதிவு வேண்டாம், தகுதிச் சான்று வேண்டாம். ஓட்டுபவருக்கு உரிமம் வேண்டாம், மருத்துவச் சோதனை வேண்டாம், வயது வரம்புகூட இல்லை!

இந்த எண்களில் நல்ல பௌதிகம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இயக்க ஆற்றல் எடையைப் பொறுத்தும், வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தும் அமைகிறது. இரண்டையும் குறைத்துவிட்டால், தரையில் நிற்பவருக்கு நேரும் ஆபத்து குறையும். ஆனால் ஓட்டுபவரின் கணக்கு வேறு. 44 கிலோமீட்டர் வேகம் என்பது, ஏறத்தாழ எட்டு மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல் தரையைத் தொடும் வேகம். இரண்டு மாடி வீட்டின் உச்சியை எண்ணிப் பாருங்கள். அயலாரைக் காக்கும் விதி, பறப்பவரை அவர் பாட்டுக்கு விட்டுவிட்டது.

இலேசாக இருப்பதால் ஓட்டுவது எளிது என்று நினைத்துவிடாதீர்கள். கனமான விமானத்தின் எந்திரம் நின்றால், அதன் நிலைமம் சில விநாடிகள் வேகத்தைக் காக்கும். அல்ட்ராலைட்டில் எடை குறைவு. கம்பிகளும் குழாய்களும் தரும் காற்றுத்தடையோ அதிகம். ஆகவே எந்திரம் நின்றதும் வேகம் சட்டென விழும். உடனே மூக்கைத் தாழ்த்த வேண்டும். பழகாத கை என்ன செய்யும்? தரை நெருங்குவதைக் கண்டு பிடியைப் பின்னால் இழுக்கும். மூக்கு உயரும், சிறகு காற்றைச் சந்திக்கும் கோணம் மிகும், தூக்குவிசை குலையும். சரியான செயலைப் பழக்கம்தான் கற்றுத் தர முடியும்.

இங்கேதான் விதியின் பெரிய குறை தெரிகிறது. இருக்கை ஒன்றே என்றால் ஆசிரியர் எங்கே உட்காருவார்? வேறு விமானத்தில் கற்காதவருக்கு முதற் பறப்பே தனிப் பறப்பு!

விதி எழுதாமல் விட்ட இந்த அத்தியாயத்தைத்தான் உள்ளூர்ப் பறப்போர் சங்கங்கள் எழுதி வருகின்றன. வெப்பக் காற்று கிளம்பாத விடியற்காலையில் கூடுவது, காற்றுப்பையைப் பார்த்து இறங்கு திசையைத் தீர்மானிப்பது, வெயிலில் நைந்த சிறகுத் துணியைத் தட்டிப் பார்ப்பது, கம்பிகளின் ஊசிகளை எண்ணுவது, பெட்ரோலில் எண்ணெய் கலந்தாயிற்றா என்று கேட்பது – இவையே சங்கத்தின் அன்றாட வேலைகள். பல ஈரடிச் சுழற்சி எந்திரங்களுக்கு அந்த எண்ணெய்தான் உயிர். மறந்தால் நடுவானில் இறுகி நின்றுவிடும்.

ஆனால் சங்கத்தின் கையில் அதிகாரம் இல்லை. உறுப்பினராவது கட்டாயமன்று. கண்டிப்பை விரும்பாதவர் தம் சொந்த வயலிலிருந்தே கிளம்பிவிடலாம். முன்பு, சில தேசிய அமைப்புகளின் வழியாக, இரட்டை இருக்கை அல்ட்ராலைட்டில் கற்பிக்கச் சலுகை இருந்தது. அதுவும் 2008 ஜனவரி 31-உடன் முடிந்தது. பிறகு அத்தகைய பயிற்சி விமானங்களுக்குப் பதிவும் சான்றும், ஆசிரியருக்கு அரசு உரிமமும் தேவையாயின. கற்பித்தலைக் கடினமாக்கி, கற்காமல் பறப்பதை எளிதாகவே விட்டுவைத்தது முரண்பாடு அல்லவா?

சுதந்திரம் வேண்டுமென்றால் இந்த விலை கொடுத்தே தீர வேண்டும் என்று சிலர் வாதிடலாம். பிரிட்டனைப் பாருங்கள். 2014-இல் அங்கே ஒற்றை இருக்கை மைக்ரோலைட்டுகளுக்கு விமானத் தகுதிச் சான்று தேவையில்லை என்றார்கள். ஆனால் ஓட்டுபவரின் உரிமத்தை விடவில்லை. எந்திரத்துக்குச் சுதந்திரம், மனிதனுக்குப் பயிற்சி; இரண்டும் சேர்ந்திருக்க முடியும் என்பதற்கு இது சான்று.

சாதாரண மனிதனுக்கும் வானத்தைத் திறந்துவிட்டது 103-ஆம் பகுதி. அந்தப் பெருமை அதற்கு என்றும் உண்டு. வாசலைத் திறந்தவர்கள் படியையும் கட்டியிருக்க வேண்டும் என்பதே நம் விமர்சனம். "தனியே பறக்குமுன் ஆசிரியருடன் சில மணி நேரம்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும், சட்டம் கனத்துவிடாது. அதுவரை, எண்ணெய் கலந்தாயிற்றா என்று கேட்கும் அந்தச் சங்கத்து முதியவரின் குரலே பறப்பவருக்குக் காவல்.