மணிக்கட்டில் ஒரு நீதிபதி

ஓல்போர்க்கில் நோர்ட்கிராஃப்ட் என்றொரு கட்டிடம் இருக்கிறது. முன்பு அது மின்நிலையம். இன்று பண்பாட்டு நிலையம். உள்ளே உடற்பயிற்சிக் கூடமும் உண்டு. அங்கே கூலிக்கு வியர்வை சிந்திய தொழிலாளர்களைப் பார்த்து 'உடற்பயிற்சி செய்கிறார்கள்' என்று எவரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அதே கூரையின் கீழ் இன்று பணம் கட்டி வியர்வை சிந்துகிறார்கள். அதற்குத்தான் உடற்பயிற்சி என்று பெயர். அப்படியானால் வியர்வைக்குப் பெயர் சூட்டும் அதிகாரம் யாருடையது? அந்த அதிகாரத்தில் ஒரு பங்கு அண்மைக் காலத்தில் மணிக்கட்டுக் கடிகாரத்திடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. நம்மவர் கைகளிலும் அது ஏறிவிட்டதால் இது நமக்கும் உரிய விவாதமாகிறது.

இந்த நீதிபதி விசாரிக்கும் முக்கிய சாட்சிகள் இரண்டு. ஒன்று, கையின் அசைவை அளக்கும் உணரி. மற்றது, தோலில் பச்சை ஒளி பாய்ச்சி நாடித்துடிப்பை எண்ணும் உணரி. கைவீசி நடப்பவருக்கு அடிகள் ஏறும். துப்புரவு வண்டியை இறுகப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நீண்ட தாழ்வாரங்களைக் கடப்பவருக்கு, கை அசையாததால், பல அடிகள் தவறிப்போகும். இடியப்பம் பிழிபவளின் தோளும் முதுகும் படும் பாடு அடிக்கணக்கில் வருவதே இல்லை. அப்பிள் கடிகாரத்தின் 'உடற்பயிற்சி' வளையம் வேகநடைக்கு நிகரான அல்லது அதற்கு மேற்பட்ட அசைவையே ஏற்றுக்கொள்கிறது. 2020 இல் ஃபிற்பிற் கொண்டுவந்த முறையில் குறித்த துடிப்பெல்லையைத் தாண்டிய நிமிடங்களுக்கே மதிப்பு. கையால் சக்கர நாற்காலியை உருட்டிச் செல்பவரின் உந்தல்களை எண்ண அப்பிள் கடிகாரம் கற்றுக்கொண்டதே 2016 இல்தான்.

இந்த எல்லைகளை விஞ்ஞானம் என்று நாம் பணிந்து ஏற்றுக்கொள்கிறோம். அவற்றின் வரலாற்றையும் சற்றுப் பார்ப்போம். 'நாளுக்கு 10,000 அடி' என்பது மருத்துவர்களின் ஆய்வு முடிவாகப் பிறந்ததல்ல. 1964 ரோக்கியோ ஒலிம்பிக்கிற்கு அடுத்த ஆண்டு யமாசா என்ற யப்பானியக் கம்பனி விற்பனைக்கு விட்ட அடியளவியின் பெயர் 'மன்போ-கெய்'. பத்தாயிரம் அடி அளவி என்று பொருள். ஒரு வியாபாரப் பெயர் உலகத்தின் மனச்சாட்சியாகிவிட்டது. உடலுழைப்பை அளக்க ஆய்வாளர்கள் பயன்படுத்தும் 'மெற்' என்ற அலகின் அடிப்படையோ, ஓய்ந்திருக்கும் ஓர் உடல் உள்ளெடுக்கும் ஒட்சிசன். அந்த உடல் 70 கிலோ எடையுள்ள, 40 வயது ஆணுடையது என்பது கவனிக்கத்தக்கது. ஆயினும் அந்த அளவுகோலின்படிகூட நிலம் துடைப்பது 3 மெற்றைத் தாண்டும். மிதமான உடலியக்கம் என்ற வகுப்புக்குள் வரும். 2020 இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டலும் வேலையையும் வீட்டுப்பணியையும் உடலியக்கமாகவே ஏற்றுக்கொள்கிறது.

'அப்படியானால் எங்கள் துடைப்பத்தையும் கடிகாரம் எண்ணட்டும்' என்று கேட்பது இலகு. முற்போக்கான கோரிக்கைபோலவும் தோன்றும். ஆனால் இங்குதான் நாம் நின்று யோசிக்கவேண்டியிருக்கிறது.

2021 இல் ஐரோப்பிய இருதய சஞ்சிகையொன்றில் டென்மார்க் ஆய்வாளர் அன்ட்ரியாஸ் ஹொல்ற்றர்மானும் அவரது குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கொப்பன்கேகன் பகுதியில் 104,046 பேரைச் சுமார் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு அது. ஓய்வுநேரத்தில் அதிகம் இயங்கியவர்களின் மரண அபாயம், குறைவாக இயங்கியவர்களைவிடச் சுமார் 40 வீதம் குறைவு. வேலையில் மிகக் கடுமையாக இயங்கியவர்களுக்கோ, வேலையில் குறைவாக இயங்கியவர்களைவிட 27 வீதம் அதிகம். வருமானம், புகைத்தல் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பின்பும் இந்த வேறுபாடு எஞ்சியது. இது முடிந்த முடிவல்ல. அதே ஆண்டு நோர்வேயில் ஆண் தொழிலாளர்களைப் பற்றி வெளியான ஆய்வு வேலையின் இயக்கத்தில் இத்தகைய தீங்கைக் காணவில்லை. விவாதம் தொடர்கிறது. எனினும் ஹொல்ற்றர்மான் குழுவினர் முன்வைக்கும் விளக்கம் நம்மவருக்குப் புதிதல்ல: வேலையில் இருப்பவர் களைத்தவுடன் நிறுத்தமுடியாது. மணிக்கணக்காக, நாட்கணக்காக, போதிய ஓய்வின்றி ஒரே அசைவைச் செய்கிறார். ஓடுபவர் தனக்கு மூச்சிரைத்தால் நின்றுகொள்கிறார்.

ஆகவே கடிகாரம் இரண்டு விதமாகத் தவறுகிறது. துடைப்பவரை எண்ணாதபோது அவர் உழைப்பை மறைக்கிறது. எண்ணும்போது, அவரைத் தேய்க்கும் வேலைக்கே 'ஆரோக்கியம்' என்று பாராட்டுப் பத்திரம் வழங்குகிறது. இரண்டிலும் அதற்குப் புலப்படாதது ஒன்றுதான்: அந்த அசைவு யாருடைய நேரத்தில், யாருடைய கட்டளையில் நிகழ்கிறது என்பது. தசைக்கும் இதயத்துக்கும் அது தெரிகிறது. உணரிக்குத் தெரிவதில்லை.

இந்தக் கேள்வியை முதலாளியிடம் மட்டும் கேட்டுவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. மாலையில் வளையத்தை நிறைவு செய்ய லிம்ஃபியோர்ட் கரையில் நடக்கும் நம் ஆணுக்கு அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து கிடைத்தது? அதே அளவு நேரம் துப்புரவு வேலை செய்துவிட்டு வந்த அவன் துணைவி அப்போது அடுப்படியில் நிற்கிறாள். அவனது கடிகாரம் அவனை வாழ்த்துகிறது. அவள் மாவு குழைப்பதற்கு வசதியாகத் தன் கடிகாரத்தைக் கழற்றி வைத்திருக்கிறாள்.

வேலைத்தலங்களில் ஓய்வு இடைவேளை, தூக்கும் பாரத்திற்கு எல்லை, ஒருவருக்கு ஒப்படைக்கும் பரப்பளவு ஆகியவை குறித்துத் தொழிற்சங்கத்தில் பேசுவோம். கூடவே வீட்டிலும் பேசுவோம். பகிர்ந்துகொள்ள வேண்டியது புள்ளிகளை அல்ல, நேரத்தை.