முகமூடியும் மெய்ம்மையும்

கதைக்குக் காலில்லை, கொழுக்கட்டைக்குத் தலையில்லை என்பது நம் பாட்டிமார் வாய்மொழி. பறக்கும் கம்பளமும் பேசும் பறவையும் வந்த கதைகளை அவர்கள் மடியில் கிடந்து நாம் கேட்டோம். "இது நடக்கக் கூடியதா?" என்ற ஐயம் நமக்கு எழவில்லை, "அப்புறம்?" என்ற ஆவலே எழுந்தது. அதே வீடுகளில் வளரும் இன்றைய பிள்ளைகள் அமெரிக்க நாட்டு சூப்பர் ஹீரோ படங்களைப் பற்றிப் பேசும்பொழுது, "இந்தப் படம் யதார்த்தமாக இருக்கிறது, அந்தப் படம் சிறுபிள்ளைத்தனமாக இருக்கிறது" என்று தீர்ப்புக் கூறுகின்றனர். எதை யதார்த்தம் என்கின்றனர், எதைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளுகின்றனர் என்பதை விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வழக்கு தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியர் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இரண்டைக் கூறி, இரண்டையும் தழுவியே புலனெறி வழக்கம் அமையும் என்று வகுத்தார். உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டைப் பாடும்பொழுது, மழை பொழிந்து, ஆறு பெருகி, வயல் விளையும் வளநாடாகவே பாடினார். பாலைவனத்தில் வயல் ஏது என்று கேட்பவர் நிலநூல் அறிந்தவராகலாம், காப்பியம் அறிந்தவராகார். ஒரு நாட்டின் பெருமையைச் சொல்லத் தமிழ் மரபு வைத்திருந்த மொழி அது. ஆகவே, மரபு என்பது பொய்யன்று. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இடையே உள்ள உடன்படிக்கை. இந்த அளவுகோலைக் கொண்டே அமெரிக்கச் சித்திரக் கதைகளையும் அவற்றிலிருந்து பிறந்த திரைப்படங்களையும் அளந்து பார்ப்போம்.

1938-ஆம் ஆண்டு 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் சூப்பர்மேன் தோன்றினான். அவனைப் படைத்தவர்கள் கிளீவ்லாந்து நகரில் வாழ்ந்த ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் இரு இளைஞர்கள். இருவரும் குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். 130 டாலருக்கு அப்பாத்திரத்தின் உரிமையையே அவர்கள் விற்றுவிட்டனர். அந்த முதல் இதழில் சூப்பர்மேன் வேற்றுக் கிரகப் படைகளோடு போர் புரியவில்லை. குற்றமற்ற ஒரு பெண்ணை மரண தண்டனையிலிருந்து மீட்டான். மனைவியை அடித்த கணவனைத் தடுத்து நிறுத்தினான். பொருளாதார மந்தத்தில் நொந்து கிடந்த எளிய மக்களின் ஏக்கமே நீல உடையும் சிவப்பு மேலாடையும் அணிந்து வந்தது எனலாம். நாடக வழக்கின் உள்ளே உலகியல் வழக்கு முதல் நாளிலேயே குடியிருந்தது.

மறு ஆண்டு பேட்மேன் வந்தான். தொடக்கக் கதைகளில் அவன் துப்பாக்கி ஏந்தினான். பகைவரைக் கொல்லவும் செய்தான். 1940-இல் ராபின் என்ற சிறுவன் அவனுக்குத் துணையாக வந்தான். அக்காலத்திலேயே, இனி அவன் எவரையும் கொல்லலாகாது என்று பதிப்பகத்தார் விதி செய்தனர். இவ்வரலாற்றை நாம் மறத்தல் கூடாது. கொல்லாமை அவ்வீரனோடு உடன் பிறந்ததன்று. கொன்று பார்த்த பின்னர், படிக்கும் சிறுவர்களை நினைத்துப் பார்த்து, வேண்டாம் என்று எடுத்த முடிவு அது. அம்முடிவே நாளடைவில் அவன் இயல்பாகி, அவனைப் பற்றிய கதைகளுக்கெல்லாம் உயிர்நாடியாயிற்று.

எல்லா மரபும் இவ்வாறு கதையின் உள்ளிருந்தே விளைந்தது என்று கூறுவதற்கில்லை. சித்திரக் கதைகள் சிறுவரைக் கெடுக்கின்றன என்று உளநோய் மருத்துவர் பிரெடரிக் வெர்தாம் 1954-இல் நூல் எழுதினார். அவ்வாண்டே அமெரிக்க செனட் குழு விசாரணை நடத்திற்று. அஞ்சிய பதிப்பகத்தார் தமக்குத் தாமே ஒரு கட்டுப்பாட்டு விதித்தொகுப்பை இயற்றிக் கொண்டனர். எந்தக் கதையிலும் நன்மையே வெல்ல வேண்டும். காவலரையும் நீதிபதியையும் அரசு அதிகாரியையும் மதிப்புக் குறையுமாறு காட்டலாகாது என்பன அவ்விதிகளுள் சில. ஒழுக்கத்தின் பெயரால் வந்த இவ்விதிகள் கதைகளைச் சாரமற்றவை ஆக்கின. கதையின் உள்ளத்திலிருந்து வளரும் மரபு ஒன்று. அச்சத்தால் மேலிருந்து பூட்டப்படும் விலங்கு வேறொன்று. யதார்த்தம் வேண்டும் என்று பின்னாளில் குரல் கொடுத்தவர்கள் இந்த விலங்கை உடைக்க முயன்றமை நியாயமே.

அம்முயற்சியின் நற்பயனை 1960-களில் காண்கிறோம். 1961-இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 'பென்டாஸ்டிக் ஃபோர்' கதையைத் தொடங்கியபொழுது, அந்நால்வருக்கும் தனி உடை எதுவும் தரவில்லை. சாதாரண மனிதர்களைப் போலவே உடுத்தி வந்தனர். மூன்றாம் இதழிலேயே உடை வந்து சேர்ந்தது. மரபை வாசகர் அத்தனை எளிதில் விட்டுக் கொடுப்பதில்லை! அந்நால்வர் குடும்பமாகப் பிணங்கினர், கூடினர், கவலைப்பட்டனர். வாசகர் அவர்களை நேசித்தது அதனால்தான். 1962-இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் படைத்த ஸ்பைடர்மேன் இன்னும் ஒரு படி மேலே சென்றான். தாய் தந்தையரை இழந்து, பெரியப்பா வீட்டில் வளரும் பள்ளி மாணவன் அவன். தன் அலட்சியத்தால் தப்பவிட்ட கள்வனே பெரியப்பாவைக் கொன்றான் என அறிந்து நெஞ்சு குமுறுகிறான். சுவர் ஏறும் ஆற்றல் நாடக வழக்கு. பெரியம்மாவின் மருந்துக்குப் பணம் தேடி அலைவது உலகியல் வழக்கு. இரண்டும் கை கோத்தன.

1973-இல் வெளிவந்த 121-ஆம் இதழில், பாலத்திலிருந்து விழும் தன் காதலி குவென் ஸ்டேசியை அவன் வலை வீசிப் பிடிக்கிறான். பிடித்த வேகத்தின் அதிர்ச்சியிலேயே அவள் கழுத்து முறிந்து உயிர் பிரிகிறது. வீரன் கை நீட்டினால் காப்பாற்றப்படுவாள் என்ற மரபு அன்று உடைந்தது. எனினும் அந்த உடைவு வாசகரை ஏளனம் செய்யவில்லை. நல்லெண்ணமும் ஆற்றலும் இருந்தும் மனிதன் தோற்பதுண்டு என்ற துயர உண்மையைச் சொல்லிற்று. அதன் பின்னரும் ஸ்பைடர்மேன் ஸ்பைடர்மேனாகவே இருந்தான். மரபைத் தொட்டு அதன் ஆழத்தைக் கூட்டுவது இத்தகைய யதார்த்தமே.

1986-இல் இரு நூல்கள் தொடர்களாக வெளிவரத் தொடங்கின. ஃபிராங்க் மில்லரின் 'தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்', முதுமை எய்திய பேட்மேனைச் சீற்றமும் வெறியும் கொண்டவனாகக் காட்டிற்று. ஆலன் மூர் எழுத, டேவ் கிப்பன்ஸ் வரைந்த 'வாட்ச்மென்', உண்மை உலகில் எவரேனும் முகமூடி அணிந்து நீதி வழங்கப் புறப்பட்டால் அவர் எத்தகையவராக இருப்பார் என்று கேட்டது. பெருமிதம், தனிமை, கொடுமை, நோயுற்ற உள்ளம் ஆகியவையே அதற்கு விடையாக வந்தன. இவை பெரும் படைப்புகள் என்பதில் ஐயமில்லை. 'வாட்ச்மென்' தன் வீரர்களைப் போற்றவில்லை; அதிகாரத்தைத் தாமே கையில் எடுப்போரைக் குறித்து எச்சரித்தது. பின்வந்தவர் பலர் எச்சரிக்கையை விட்டுவிட்டு இருளை மட்டும் எடுத்துக் கொண்டனர். இரத்தமும் வெறுப்புமே யதார்த்தம் என்ற எண்ணம் அப்பொழுது வேரூன்றியது.

இனி வெள்ளித் திரைக்கு வருவோம். 1978-இல் ரிச்சர்ட் டோனர் இயக்கிய 'சூப்பர்மேன்' படத்தில், கிறிஸ்டோபர் ரீவ் அதே நீல உடையில், அதே சிவப்புக் கால்சட்டையில் நாணமின்றி நின்றார். மனிதன் பறப்பதைக் கண்ணால் கண்டது போல் நம்ப வைக்க அப்படக் குழுவினர் உழைத்தனர். ஆனால் அவன் ஏன் நல்லவனாக இருக்கிறான் என்பதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. 1989-இல் பேட்மேனின் துணி உடை கறுப்பு ரப்பர்க் கவசமாயிற்று. 2000-இல் வந்த 'எக்ஸ்-மென்' படத்தில் வண்ண உடைகள் மறைந்து கறுப்புத் தோலுடை வந்தது. 2013-இல் வந்த 'மேன் ஆஃப் ஸ்டீல்' படத்தில் சூப்பர்மேனின் சிவப்புக் கால்சட்டையும் போயிற்று. உடை மாறுவதில் நமக்கு வழக்கில்லை. ஆனால் உடையைக் கண்டு நாணியவர்கள் பின்னர் அறத்தைக் கண்டும் நாணத் தொடங்கினர் என்பதே நம் வருத்தம்.

அந்தப் படத்தின் இறுதியில் சூப்பர்மேன் தன் பகைவன் ஸாடின் கழுத்தை முறித்துக் கொல்கிறான். ஒரு குடும்பத்தைக் காக்க வேறு வழியில்லை என்பது அப்படத்தை ஆதரிப்போர் வாதம். வேறு வழியில்லை என்றால், வழிகளையெல்லாம் அடைத்தவர் யார்? கதையை எழுதியவரே அன்றோ! அவரே மூலையைக் கட்டிவிட்டு, மூலையில் நின்றவனைக் குறை கூற முடியாது என்பது வழக்காடும் திறனாகலாம், யதார்த்தம் ஆகாது. சித்திரக் கதையிலும் இந்நிகழ்ச்சி இல்லாமலில்லை. 1988-இல் ஜான் பைர்ன் எழுதிய கதையில் சூப்பர்மேன் மூன்று கொலைகாரருக்கு மரண தண்டனை நிறைவேற்றினான். ஆனால் அந்தப் பழி அவன் உள்ளத்தை அரித்தது. மனம் சிதைந்து, பூமியை விட்டே நீங்கி அலைந்தான் என்று பின்வந்த இதழ்கள் கூறின. திரைப்படத்திலோ ஒரு கதறல் எழுகிறது. சற்று நேரத்தில் கதை நகைச்சுவைக்குத் தாவிவிடுகிறது. செயலைக் காட்டி அதன் விளைவை மறைப்பதை எவ்வாறு யதார்த்தம் என்பது?

மறுபுறம், 2008-இல் கிறிஸ்டோபர் நோலன் இயக்கிய 'தி டார்க் நைட்' படத்தை எண்ணிப் பார்ப்போம். யதார்த்தம் என்றவுடன் பிள்ளைகள் முதலில் சுட்டுவது இதைத்தான். பேட்மேனின் கவசத்துக்கும் வாகனத்துக்கும் நோலனின் படங்கள் தொழில்நுட்பக் காரணம் கூறுகின்றன. எனினும் அப்படத்தின் உச்சம் எது? இரு படகுகளில் வெடிகுண்டு. ஒரு படகினர் மற்றதை வெடிக்கச் செய்தால் தாம் பிழைக்கலாம் என்கிறான் ஜோக்கர். ஒன்றில் நகர மக்கள், மற்றொன்றில் சிறைக் கைதிகள். இரு தரப்பாரும் விசையை அழுத்தவில்லை. உயரத்திலிருந்து விழும் ஜோக்கரையும் பேட்மேன் கயிற்றால் பிடித்து நிறுத்துகிறான். இவை பழைய மரபன்றி வேறென்ன? 2004-இல் சாம் ரைமி இயக்கிய 'ஸ்பைடர்மேன் 2' படத்திலும், ரயில் பயணிகள் முகமூடி இழந்து மயங்கிய வீரனைத் தோள்களில் தாங்கிப் படுக்க வைத்து, அவன் முகத்தை எவரிடமும் சொல்வதில்லை என்று காக்கின்றனர். கோடிக்கணக்கானோர் நெஞ்சில் நின்றவை இக்காட்சிகளே.

நம் இல்லங்களுக்கு நெருங்கிய சான்று ஒன்றும் உண்டு. 2014-இல் 'மிஸ் மார்வெல்' என்ற பெயரில் தனித் தொடர் பெற்ற கமலா கான், ஜெர்சி நகரில் வாழும் பாகிஸ்தானிய முஸ்லிம் குடும்பத்துப் பெண். ஜி. வில்லோ வில்சன் எழுதிய இத்தொடரின் முதல் தொகுப்பு 2015-இல் ஹியூகோ பரிசு பெற்றது. உருமாறும் ஆற்றல் கிடைத்ததும், தான் வியந்த பொன்னிறக் கூந்தல் வீராங்கனையாகவே கமலா மாறிவிடுகிறாள். அவ்வுருவும் உடையும் அவளுக்கு இசையவில்லை. அந்நிலையிலேயே நீரில் மூழ்கும் தோழி ஒருத்தியைக் காக்க விரைகிறாள். அப்பொழுது, தொலைக்காட்சியில் துயரச் செய்தி வரும்போதெல்லாம் தந்தை எடுத்துரைக்கும் திருமறை வசனம் அவள் நினைவுக்கு வருகிறது. ஓர் உயிரைக் காப்பது மனித குலம் முழுவதையும் காப்பதற்கு ஒப்பாகும் என்ற கருத்துடையது அது. பின்னர்த் தன் சொந்த உருவிலேயே, உடல் மறைக்கும் நீச்சல் உடையைத் தைத்துத் திருத்தி அணிந்து அவள் வீராங்கனையாகிறாள். உருமாற்றம் என்ற நாடக வழக்கு, பிறரைப் போல் ஆக வேண்டும் என்று ஏங்கும் சிறுபான்மைப் பெண்ணின் உலகியல் துன்பத்தைச் சொல்ல வாய்த்தது.

2022-இல் வந்த தொலைக்காட்சித் தொடர் திருமணத்தையும் பள்ளிவாசலையும் குடும்பப் பாசத்தையும் அன்போடு காட்டிற்று. ஆயினும் உருமாறும் ஆற்றலை நீக்கி, கொள்ளுப்பாட்டியின் காப்பிலிருந்து ஒளி பிறக்கும் ஆற்றலாக மாற்றிற்று. குடும்ப நினைவு கூடிற்று. அந்த முதல் உருமாற்றத்தின் பொருள் குறைந்தது என்பது நம் கருத்து.

2025-இல் ஜேம்ஸ் கன் இயக்கிய 'சூப்பர்மேன்' படத்தில் சிவப்புக் கால்சட்டை திரும்பி வந்தது. பெரும் போரின் நடுவே ஓர் அணிலையும் அவன் காக்கிறான். சிரிப்பவர் சிரிக்கட்டும். எல்லையற்ற வலிமை படைத்தவன் ஒரு சிற்றுயிரையும் மிதிக்காமல் நடக்க முயல்வதைக் காட்டவே அக்கதை பிறந்தது.

வல்லமை உள்ளவன் கொல்வான் என்பதை அறிய நமக்குக் கதை வேண்டியதில்லை. நாள்தோறும் செய்தித்தாள் சொல்கிறது. வல்லமை இருந்தும் கை தாழ்த்துபவன் எப்படி இருப்பான் என்பதைச் சொல்லவே கதை வேண்டும். ஆகவே, பிள்ளைகள் இப்படங்களைப் பார்ப்பதைக் கண்டு பெற்றோர் முகம் சுளிக்க வேண்டியதில்லை; உடன் அமர்ந்து பார்க்கட்டும். "இது நடக்குமா?" என்று பிள்ளை கேட்டால், "நடக்காது, ஆனால் அவன் செய்தது சரியா, நீ சொல்" என்று திருப்பிக் கேட்கட்டும்.